முதலில் ‘ட’ போடுங்கள்

கோரல் டிரா வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, மயிலாப்பூரில் நெடுநாள் டிடிபி வேலை பார்த்தவன் என்கிற உரிமையில் சில வார்த்தைகள்.

1. டூல்களை மேலிருந்து கீழாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வேலையைக் கையில் எடுங்கள். அது எந்த டூலைக் கேட்கிறதோ அதை மட்டும் அன்றைக்குக் கற்றால் போதும். பாக்கியெல்லாம் எங்கேயும் ஓடிப்போகாது.

2. முதல் வேலை ‘ட’. இரண்டு செவ்வகம் போட்டு, ஒன்றின்மேல் ஒன்று படும்படி வைத்து, வெல்டு செய்யுங்கள். ஆறு முனை, அதாவது நோடு, வரும். ஏழாவது இருந்தால் விளிம்பு எங்கோ ஒரு மயிரிழை விலகியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். அடுத்தது ‘ப’, எட்டு முனை. நேர்கோட்டில் கை பழகாமல் ‘ண’வுக்குத் தாவினால் மூன்று சுழியும் சேர்ந்து உங்களை அழவைக்கும்.

3. வளைவில்தான் ஆள் தெரிவான். ஒரு வட்டத்துக்கு நான்கு நோடு போதும்: மேலே, கீழே, இடம், வலம். ஒவ்வொரு நோடிலிருந்தும் நீளும் கைப்பிடி, ஆரத்தில் ஏறக்குறைய 0.55 பங்கு இருந்தால் கண்ணுக்கு அது முழு வட்டம்தான். தமிழ் எழுத்துக்கும் இதே கணக்கு. ‘ழ’வின் வளைவு எங்கே உச்சி தொடுகிறதோ, எங்கே பக்கவாட்டில் மிக அகலமாகப் போகிறதோ, அங்கே மட்டும் நோடு வையுங்கள். கைப்பிடிகளைக் கிடையாகவோ செங்குத்தாகவோ பிடியுங்கள். நடுவில் நோடு வைக்கக் கை துறுதுறுக்கும். அடக்குங்கள்.

இந்த வளைவுக் கணக்கு பிறந்தது ஓவியர்களிடம் அல்ல, கார் கம்பெனிகளில். சித்ரோன் கம்பெனியின் தெ காஸ்தெல்ஜோ 1959 வாக்கிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கம்பெனி அதை ரகசியமாகப் பூட்டி வைத்தது. 1960-களில் ரெனோவின் பியேர் பெசியே வெளியே எழுதினார். பெயர் அவருக்குப் போனது. செய்தவனைவிட எழுதி வைத்தவனுக்கே பெயர் என்பது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

4. படத்தைப் போட்டதும் ஆட்டோ டிரேஸ் பொத்தானை அமுக்குகிற பழக்கம் வேண்டாம். பத்து நோடில் முடிகிற மயிலுக்கு அது நூற்றுக்கணக்கில் நோடு கொட்டும். திரையில் அழகாகத்தான் இருக்கும். ஸ்டிக்கர் வெட்டும் மெஷினுக்குக் கொண்டுபோனால் பிளேடு அடிக்கொரு தரம் தயங்கித் தயங்கி நடந்து, விளிம்பைப் பிசிறடித்து வைக்கும்.

5. எழுத்து கைக்கு வந்ததும் ரூபாய்க் குறியை வரையுங்கள். 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ஏற்றுக்கொண்ட அந்தக் குறியை வடிவமைத்த டி. உதயகுமார் நம் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர். மேலே இரண்டு கிடைக்கோடு, ஒரு வளைவு, ஒரு சாய்கால், அவ்வளவுதான். வளைவு கோட்டோடு சேருமிடத்தில் தடிமன் மாறாமல் வருகிறதா என்று பாருங்கள். முதல் தடவை வராது.

6. சிக்குக் கோலம்தான் உங்கள் பெரிய பரீட்சை. ஜனவரியில் மயிலாப்பூர் விழாவின்போது வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும். போய், போட்டோ எடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் கையைப் பாருங்கள். புள்ளி வைத்த பின் அந்த அம்மாக்கள் புதிதாக யோசிப்பதில்லை. சில அசைவுகளையே திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி இதைக் கவனித்தவர். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974-இல் கோலத்துக்குக் கணினி இலக்கணமே எழுதி ஆய்விதழில் வெளியிட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒரே அசைவைத் திருப்பித் திருப்பிப் போடுவதுதான். கிரிட்டை 20 மில்லிமீட்டருக்கு வைத்து, ஸ்னாப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். புள்ளியைச் சுற்றும் வளைவில் ஒரே ஒரு துண்டை ஒழுங்காக வரைந்து, நகல் எடுத்து, 90 பாகையாகத் திருப்பித் திருப்பி அடுக்குங்கள். கடைசியில் முனைகளை இணைக்க மறக்காதீர்கள், தொட்டுக்கொண்டிருப்பது இணைந்ததாகாது. கோரலில் ஒரு நிறத்தை ஊற்றிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: நிறம் ஏறாவிட்டால் கோடு எங்கோ வாய் திறந்திருக்கிறது.

7. தி. நகர் கடைக்கு ஒரு மஞ்சப்பை. தமிழக அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிய பிறகு துணிப்பை அச்சு வேலை மறுபடி தேடி வருகிறது. ஒரே நிறத்தில், ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு வரையுங்கள். நிறக்கலவை, நிழல், மினுமினுப்பு எதுவும் கூடாது. ஒரு பாயிண்டைவிட மெல்லிய கோடு துணியில் தங்காது. ‘இ’யின் உட்சுழி மிகச் சிறிதாக இருந்தால் மை அடைத்துக்கொள்ளும். கையில் ஒரே நிறம் என்றால்தான் எது வேண்டும், எது வேண்டாம் என்று மனசு யோசிக்கிறது.

8. கல்யாணப் பத்திரிகை. பழைய டிடிபி எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீட்டில் இருந்தன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று தரம் வந்தது, இப்போது யூனிகோடு. ஆனாலும் பழைய ஃபைலைத் திறந்தால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறும். ஆகவே பிரஸ்ஸுக்கு அனுப்பும்முன் கண்ட்ரோல் கியூ அடித்து எழுத்தைக் கர்வ் ஆக்குங்கள். அதற்குமுன், திருத்தக்கூடிய ஃபைலைத் தனியாகச் சேமியுங்கள். கர்வ் ஆன எழுத்தில் ‘ர’வை ‘ற’ ஆக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டு சித்தப்பா கடைசி நாளில்தான் போன் செய்வார்.

சின்ன எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும், 100 சதம். நான்கு நிறமும் கலந்த கறுப்பைக் கொடுத்தால், பிளேட் இம்மி நகர்ந்தாலும் எழுத்து இரண்டிரண்டாகத் தெரியும். வெட்டுக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள்.

9. வீட்டில் கோரல் வாங்கக் காசில்லையா? திருட்டு காப்பி வேண்டாம். 2003 முதல் இங்க்ஸ்கேப் இலவசமாகவே கிடைக்கிறது. பொத்தான் இருக்கிற இடம் மாறும், நோடு மாறாது.

10. முதல் அச்சு வேலையை மெயிலில் அனுப்பாதீர்கள். பென் டிரைவில் போட்டு, பக்கத்தில் இருக்கிற பிரஸ்ஸுக்கு நேரில் போங்கள். ஆபரேட்டர் ஃபைலைத் திறந்ததும் எதைப் பார்த்து முகம் சுளிக்கிறார் என்று கவனித்து, அதையே கேளுங்கள், சொல்லித் தருவார். மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் மட்டும் போகாதீர்கள், அவர் சாப்பிட வேண்டும்.