இட்லிக் கொப்பரையில் சீன பாவ்

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் படிக்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். அதே கல்கத்தாவின் டிரெட்டி பஜாரில் இன்றைக்கும் விடியற்காலையில் சீனக் குடும்பங்கள் ஆவி பறக்க பாவ், அதாவது பூரணம் வைத்து அவித்த மாவு உருண்டை, விற்கின்றன. தீக்குச்சி சிவகாசிக்கு வந்துவிட்டது. கருமருந்து சீனாவில் பிறந்தது, அதுவும் இங்கே ஊன்றிவிட்டது. பாவ் மட்டும் வரவில்லை.

வராததற்கு ஒரு காரணம் உள்ளே வைக்கும் இறைச்சியாக இருக்கலாம். ஆனால் சீனத்துப் பௌத்த மடங்களில் காய்கறி பாவ் வெகுகாலப் பழக்கம். அங்கே வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கும் பாவ் காலை நேரத்துப் பலகாரம்தான். விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் மாதிரி ஊரில் இதைச் செய்ய ஈஸ்ட் ஒன்றைத்தான் தேடிப் போக வேண்டும். சிவகாசியிலோ ராஜபாளையத்திலோ பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் கேட்டால் கிடைக்கும். மற்றதெல்லாம் மளிகைக் கடைச் சரக்கு.

இட்லி அவிக்கத் தெரிந்த கைக்குப் பாதி வேலை பழகியதுதான். மீதிப் பாதியில் அந்தப் பழக்கமே காரியத்தைக் கெடுக்கும்.

பத்து பாவுக்கு மைதா 270 கிராம், கார்ன்ஃப்ளோர் 30 கிராம், சர்க்கரை 30 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, தண்ணீர் 150 முதல் 160 மில்லி. பரோட்டாவுக்கு வாங்கும் மைதா நன்றாக இழுபடும். பாவுக்கு அந்த இழுவை அவ்வளவு வேண்டாம், அதற்காகத்தான் கார்ன்ஃப்ளோர். எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிசைய வேண்டும். மாவு வழவழவென்று, தொட்டால் காது மடல் போல இருப்பது பதம்.

தண்ணீர் விஷயத்தில் புத்தகங்களை நம்ப வேண்டாம். அவை வெதுவெதுப்பான தண்ணீர் என்று எழுதுவது குளிர் நாட்டுக்கு. சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே கையைச் சுடும். பானைத் தண்ணீர்தான் சரி. மாவை எண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து ஈரத்துணியால் மூடிவிட்டால் கோடையில் முக்கால் மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காகும். மார்கழியில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் பிடிக்கும். கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பார்ப்பது நல்லது.

இட்லிப் பழக்கம் முதலில் கெடுப்பது இந்த இடத்தில்தான். இட்லி மாவு ராத்திரி முழுக்கப் புளிக்கலாம். பாவ் மாவை அப்படி விட்டால் புளிப்பு வாடை வரும், வெந்ததும் மேல்தோல் சுருங்கும். பழைய மாவை உறைமாவாக வைத்துப் பிசையும் வட சீன வீடுகளில் இந்தப் புளிப்பை முறிக்கச் சோடா போன்ற காரம் சேர்ப்பார்கள். நம் மாவு தப்பித்தவறிப் புளித்துவிட்டால் ஒரு சிட்டிகை சோடா உப்பு போதும். கூடினாலோ சரியாகக் கலக்காவிட்டாலோ வெள்ளைத் தோலில் மஞ்சள் திட்டு விழும்.

மாவு பொங்குகிற நேரத்தில் பூரணம். கால் கிலோ முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி உப்புப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, ஒட்டப் பிழிய வேண்டும். பிழியாத கோஸ் உள்ளே தண்ணீர் விட்டு அடி மாவைக் கூழாக்கிவிடும். ஒரு கேரட், வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து உதிர்த்த ஒரு கைப்பிடி மீல் மேக்கர், இஞ்சி, மிளகுத்தூள், சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன். இவற்றைச் சட்டியில் ஈரம் வற்ற வதக்கி, கோஸைக் கடைசியாகப் போட்டுப் புரட்டி, முழுக்க ஆறவிட வேண்டும். சூட்டோடு வைத்தால் மாவு தொய்ந்து தையல் பிரியும்.

மணத்துக்குச் சீனர்கள் ஊற்றுவது வறுத்த எள்ளின் எண்ணெய். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது, வாசனையே வேறு. ஒரு ஸ்பூன் எள்ளைச் சிவக்க வறுத்து நுணுக்கி, நல்லெண்ணெயோடு பூரணத்தில் கலந்தால் கிட்டத்தட்ட அந்த மணம் வந்துவிடும்.

இனி வடிவம். பொங்கிய மாவை மறுபடி பிசைந்து காற்றை முழுக்க வெளியேற்றி, பத்து உருண்டையாக்க வேண்டும். ஒவ்வொன்றையும் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்க்கும்போது நடு தடிப்பாகவும் ஓரம் மெல்லிசாகவும் இருக்கட்டும். பூரணம் ஒரு டேபிள்ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். இடது கைக் கட்டைவிரல் பூரணத்தை உள்ளே அழுத்திக்கொண்டிருக்க, வலது கையின் இரு விரல்கள் ஓரத்தைச் சின்னச் சின்ன மடிப்பாகக் கொசுவியபடி சுற்றிவந்து உச்சியில் திருகி மூடும். மோதகம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். மடிப்பு வராவிட்டால் மூட்டையாகக் கட்டிக் கவிழ்த்து வைத்தாலும் ருசியில் குறையில்லை.

எண்ணெய் தடவிய வாழையிலைத் துண்டு ஒவ்வொன்றின் அடியிலும் வைத்து, கோடையில் கால் மணி நேரம் போல ஓய்வு கொடுக்க வேண்டும். கையில் எடுத்தால் கனம் குறைந்திருக்கும், விரலால் அழுத்தினால் குழி மெதுவாக மேலே வரும். அதுதான் கொப்பரையில் ஏற்றும் நேரம்.

குழித்தட்டு உதவாது. இடியாப்பத் தட்டு போல ஓட்டை போட்ட தட்டைத் தட்டு வேண்டும், இரண்டு பாவுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். மூடியைத் துணியால் கட்டுவது கட்டாயம். மூடியிலிருந்து சொட்டும் நீர் விழுந்த இடமெல்லாம் பாவ் அம்மை போட்ட முகமாகிவிடும். தண்ணீர் கொதித்த பிறகு தட்டை வைத்து, மிதமான தீயில் 12 நிமிடம்.

இரண்டாவது கெடுதல் இங்கே. இட்லி வெந்ததும் சட்டென்று மூடியைத் தூக்குவோம். பாவுக்கு அது ஆகாது, குளிர்காற்று பட்டதும் பொசுக்கென்று அமுங்கிவிடும். அடுப்பை அணைத்து, மூடியை ஒரு விரல் அளவு நகர்த்தி வைத்து, மூன்று நான்கு நிமிடம் கழித்துத் திறக்க வேண்டும்.

தொட்டுக்கொள்ள, சம்பா வத்தலைக் கொரகொரப்பாக இடித்துக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றி, சோயா சாஸும் இரண்டு சொட்டு வினிகரும் சேர்த்தால் போதும். இனிப்பு பாவ் வேண்டுமானால் சீனர்கள் வைக்கும் சிவப்புப் பயறு விழுதுக்குப் பதில், வேகவைத்த சிவப்புத் தட்டப்பயறைக் கருப்பட்டி போட்டுச் சுருளக் கிண்டி உள்ளே வைக்கலாம். இதைச் சின்னப் பிள்ளைகள் முதலில் காலி செய்வார்கள்.

மிஞ்சியதை ஆறவைத்து டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். சாப்பிடும் முன் ஐந்து நிமிடம் ஆவியில் காட்டினால் பழைய மெதுமை திரும்பும். மைக்ரோவேவில் வெறுமனே வைத்தால் ரப்பராகிவிடும். ஈரத்துணி சுற்றி அரை நிமிடம் வைத்தால் தப்பிக்கலாம்.