இரண்டாவது திரை வாங்கலாமா?

கேள்வி: அரியலூரில் சிமெண்ட், கம்பி வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். இருப்பது ஒரு லேப்டாப். இன்னொரு மானிட்டர் வாங்கினால் வேலை வேகமாகுமா?
– ஒரு வாசகர், பெரம்பலூர்

பதில்: உங்கள் வேலைக்கு நன்றாகவே உதவும். ஒரு திரையில் டேலி கணக்கு, மறுதிரையில் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை. பில்லுக்குப் பில் சரிபார்க்கும்போது ஒரே திரையில் இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்து பார்ப்பதில்தான் எண் தவறுகிறது.

வாங்குமுன் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் கன்வர்ட்டர் தேவைப்படும். கேபிளைச் செருகி, விண்டோஸ் விசையுடன் பி அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். பலர் 'டூப்ளிகேட்'டிலேயே விட்டுவிட்டு, இரண்டிலும் ஒரே படம் தெரிகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள்! டிஸ்பிளே செட்டிங்ஸில் திரைப் பெட்டிகளை, மேசையில் இருக்கும் வரிசைப்படியே இழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் மவுஸ் எதிர்த்திசையில் ஓடும்.

அதிகம் பார்க்கும் திரை முகத்துக்கு நேரே, ஒரு கை தூரத்தில், அதன் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும். இல்லையேல் கழுத்து வலிக்கும். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், மானிட்டர் அணைந்துவிடும். அதை யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். வாட்ஸ்அப்பை மட்டும் அந்த இரண்டாவது திரையில் திறந்து வைக்காதீர்கள்.