நகரா முரசும் ஒலி வலையும்

ஸ்ரீவில்லிபுத்தூரைச் சார்ந்த மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயிலுக்குச் சென்றவர்கள், திருமலை நாயக்க மன்னரைப்பற்றி அவ்வூரார் கூறும் கர்ணபரம்பரைச் செய்தியையும் கேட்டிருப்பர். இவ்வூர்ப் பூசை முடிந்ததென்று அறிந்த பின்னரே மன்னர் மதுரையில் அமுது கொள்வாராம். அதனை அறிவித்தற்பொருட்டு வழிநெடுக மண்டபங்கள் அமைத்து, ஒரு மண்டபத்து நகரா முழங்கக் கேட்டு அடுத்த மண்டபத்தார் தம் நகராவை முழக்குவராம். மன்னர் ஆண்ட காலம் 1623 முதல் 1659 வரை. இதன் சரித்திர உண்மையை ஆராய்வது நம் நோக்கமன்று. இதில் அடங்கிய நுட்பமே ஈண்டு நமக்கு வேண்டுவது.

இரண்டூர்க்கும் இடைத்தூரம் சற்றேறக்குறைய 75 கிலோமீட்டர். ஒலி காற்றில் விநாடிக்கு 340 மீட்டர் அளவே செல்லுமாதலின், முரசறைவோர் எவரும் கணமேனும் தாமதியாதிருப்பினும் செய்தி மதுரை சேர மூன்றரை நிமிஷத்துக்கு மேலாகும். ஆயினும், ஓசை வழியில் தேய்ந்ததேயன்றிச் செய்தி தேயவில்லை. மண்டபந்தோறும் அது புதிதாய்ப் பிறந்தது. 'முடிந்தது', 'முடியவில்லை' என்னும் இரண்டில் ஒன்றையே அது சுமந்தமையின் அங்ஙனம் பிறத்தல் இயன்றது. இக்காலத்து டிஜிட்டல் ஒலிக்கருவிகளின் அடிப்படையும் இதுவே.

பழைய முறையில் மைக்கிலிருந்து வரும் நுண்ணிய மின்னோட்டம் கம்பி வழியே அப்படியே செல்லும். கம்பி நீள நீள அது நலியும், அயல் இரைச்சலும் அதில் கலக்கும். விளக்குக் கம்பிக்கு அருகே மைக் கம்பியைக் கிடத்தி, பேச்சாளர் சொல்லினும் வண்டின் ரீங்காரமே மிகுதியாய்க் கேட்ட ஆண்டு விழாக்களை நம்மில் பலர் மறந்திரோம். புதிய முறையிலோ, ஒலியலையானது விநாடிக்கு 48,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 24 இலக்கங்களாக எழுதப்பட்டு, கணிப்பொறிகளை இணைக்கும் ஈதர்நெட் வடத்தின் வழியே பொட்டலம் பொட்டலமாய் அனுப்பப்படுகிறது. மேடையிலிருந்து கைப்பருமனுள்ள வடத்தை இழுத்துவந்த இடத்தில் மெல்லிய வடம் ஒன்று போதும். செப்பு வடம் 100 மீட்டர் வரை உதவும். அதற்கு மேல் கண்ணாடி இழை வேண்டும்.

இங்கே கடினமானது காலக் கணக்கு. கருவிகள் யாவும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றாவிடில் ஒலியில் வெடிப்பும் இடையறவும் தோன்றும். ஆதலின் ஒரு கருவி தலைமைக் கடிகாரமாய் நிற்க, ஏனையவை நுண்விநாடிக் கணக்கில் அதனோடு இசைகின்றன. இன்னொரு விந்தையும் உண்டு. ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ரத வீதியில் மேடைக்கு 34 மீட்டர் அப்பால் ஓர் ஒலிபெருக்கி நிற்பதாகக் கொள்வோம். மேடையின் ஒலி காற்றில் அங்கே சேர விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும்; மின்சாரமோ உடனே சேர்ந்துவிடும். இதனால் ஒரு சொல் இருமுறை கேட்டுக் குழப்பம் விளையும். விரைந்து வந்த ஒலியை வேண்டுமென்றே நிறுத்திவைத்து அனுப்புதலே இதற்குப் பரிகாரம். வலை இல்லாமலும் இதனைச் செய்யலாம்; வலையிருப்பின் எல்லா ஒலிபெருக்கிகளையும் ஓரிடத்திலிருந்தே திருத்தலாம்.

1996-ல் அமெரிக்காவில் கோப்ராநெட் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் 2006-ல் தோன்றிய ஆடினேட் நிறுவனத்தின் டான்டே முறையே இன்று மிகப் பரவியுள்ளது. ஒரு நிறுவனத்தின் மொழியை மற்றொன்று அறியாத குறையைக் களைய 2013-ல் ஏ.ஈ.எஸ்.67 என்னும் பொது விதி வகுக்கப்பட்டது. எதிர்காலம் இத்தகைய பொது விதிகளின் பக்கமே சாய வேண்டுமென்பது நம் கருத்து. உரிமைச்சீட்டுப் பெற்றாலன்றி வாய் திறவாத கருவியால், கடன் வாங்கித் தொழில் நடத்தும் மைக் செட்காரருக்கு என்ன பயன்?

அவர் நிலையையும் நாம் எண்ணிப் பார்த்தல் தகும். பழைய ஆம்ப்ளிபயர் பழுதுற்றால் பற்றுக்கோலும் ஈயமும் கொண்டு உள்ளூரிலேயே செப்பனிடுவார். வலையிலோ ஸ்விட்ச் என்னும் சிறு பெட்டி ஒன்று கண் மூடினால், அதன் வழிச் செல்லும் ஒலியெல்லாம் ஒருங்கே அடங்கும். இதற்காகவே பெருமேடைகளில் இரண்டு வலைகளைத் தனித்தனியே இட்டு வைப்பர். அச்செலவு அவருக்கு எளிதன்று. இரண்டு மைக்கும் நான்கு குழாய் ஒலிபெருக்கியும் கொண்டு நடக்கும் தெருவிழாவுக்குப் பழைய கம்பியே சாலும். ஆனால் நாளை அவர் பெரிய மேடைக்கு அழைக்கப்படும்போது, ஐ.பி. முகவரி இன்னதென்று அவருக்கு மாலை வேளைகளில் தமிழிலே சொல்லிக்கொடுக்க நம் பௌதிக மாணவர் இருவர் முன்வந்தால், பரிசோதனைச்சாலையில் உள்ள பழைய ஸ்விட்சும் இரண்டு வடங்களுமே தொடங்குவதற்குப் போதும்.