கடை வண்டியின் இஞ்சின் குலுங்கினால்

வியாபாரிக்குக் கடை ஒரு கை என்றால் சரக்கு வண்டி மறு கை. விடியுமுன் செலாயாங் மொத்தச் சந்தைக்கோ, சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் சந்தைக்கோ போய்ச் சரக்கெடுத்து வருவது அவ்வண்டிதான். அது ஒரு நாள் படுத்துவிட்டால் காய்கறி வாடும். வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போகும். ஆயினும் பெரும்பாலான இஞ்சின்கள் நிற்பதற்கு முன் குலுங்கி, திணறி, நமக்கு முன்னறிவிப்புச் செய்கின்றன. அவ்வறிவிப்பைப் படிப்பது எப்படி, வீட்டு வாசலிலேயே நாம் சரிசெய்யக் கூடியவை எவை, கைவைக்கக் கூடாதவை எவை என்பதை இப்பாடத்தில் காண்போம். இது பெட்ரோல் வண்டிக்கான பாடம். டீசல் இஞ்சினில் பொறி தரும் பிளக் இல்லை. அதன் வழி வேறு.

குலுங்குவது ஏன்?

இஞ்சினுக்கு வேண்டியவை நான்கு: காற்று, பெட்ரோல், தக்க சமயத்தில் ஒரு பொறி, இவற்றை அழுத்திப் பிடிக்கச் சிலிண்டரின் இறுக்கம். நான்கு சிலிண்டர் இஞ்சின், வண்டி நிற்கும்போது நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை ஒவ்வொரு சிலிண்டரிலும் பெட்ரோல் எரிவதால், ஒன்றுக்கு 400, மொத்தம் 1,600. ஒரு சிலிண்டர் வேலை நிறுத்தம் செய்தால் 400 குறைந்துவிடும். நால்வர் தூக்கவேண்டிய அரிசி மூட்டையை மூவர் தூக்கினால் எப்படித் தள்ளாடுவார்களோ, அப்படியே இஞ்சினும் தள்ளாடும்.

நஷ்டம் அத்துடன் நிற்பதில்லை. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் சென்று, அங்குள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சூடேற்றிப் பாழாக்கும். பிளக் விலையில் தீரவேண்டிய காரியம் பன்மடங்கு செலவில் முடியும்.

முதலில் எச்சரிக்கை

மூடிய கராஜுக்குள் இஞ்சினை ஓடவிடக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிரைப் போக்கிவிடும். வண்டியைத் திறந்த வெளியில் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட வேண்டும். பிளக் கழற்றுவதானால் இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் வாடை வீசினால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழைப்பதே புத்தி.

கவனித்தல்

எப்போது குலுங்குகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்வோம். நிற்கும்போது மட்டுமா, பாரத்துடன் மேடு ஏறும்போதா, மழைக்குப் பிறகா? கியரில் நிற்கும்போது குலுக்கம் மிகுந்து, நியூட்ரலில் அடங்கி, சுற்று காட்டும் முள்ளும் ஆடாமல் இருந்தால், இஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் தேய்ந்திருக்கலாம். முள்ளே துள்ளினால் கோளாறு எரிதலில்தான்.

இஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கையும் பார்க்க வேண்டும். அது நிலையாக எரிந்தால் விரைவில் சோதிக்க வேண்டும். விட்டுவிட்டு மின்னினால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். கன்வர்ட்டர் கெடத் தொடங்கும் நேரம் அது.

இன்றைய வண்டிகளில் ஸ்டியரிங்கின் கீழ்ப்புறம் ஒரு சொருகுவாய் உண்டு. அதில் கோட் ரீடர் என்னும் சிறு கருவியைச் சொருகினால் எண் ஒன்று காட்டும். பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் ஒன்றில் மட்டும் அல்ல, பலவற்றில் கோளாறு. பி0171 என்றால் பெட்ரோலுக்கு மிஞ்சிய காற்று. எங்கோ காற்று கசியக்கூடும்.

பொறியைச் சோதித்தல்

1948இல் வெளிவந்த மோரிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகளில், ஓடும் இஞ்சினிலேயே பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சோதிக்கும் வழக்கம் இருந்தது. இன்றைய வண்டியில் அது ஆகாது. பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் கையைத் தாக்கும், கன்வர்ட்டரும் கெடும்.

பல வண்டிகளில் சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கிறது. பி0301 காட்டினால், இஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, முதலாவது காயிலையும் இரண்டாவது காயிலையும் இடம் மாற்றிப் பூட்டுவோம். பழைய எண்ணை அழித்துவிட்டுச் சற்றுத் தூரம் ஓட்டிப் பார்ப்போம். இப்போது பி0302 வந்தால் குற்றவாளி காயிலே. மீண்டும் பி0301 வந்தால் காயில் நிரபராதி. இதே முறையில் பிளக்குகளை மாற்றிப் பார்க்க வேண்டும்.

கழற்றிய பிளக்கின் முனை இளம்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உள்ளே எண்ணெய் இறங்குகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் மிகுந்த சூடு. பிளக் குழியில் தண்ணீர் நின்றால், இஞ்சினைக் கழுவியதோ வெள்ளமோ காரணமாகும். துடைத்து உலர்த்தினாலே சில சமயம் குணமாகும். புதுப் பிளக்கை முதலில் கையால் திருகி, பிறகே ஸ்பேனரால் கையேடு சொல்லும் அளவு இறுக்க வேண்டும். மரை கெட்டால் பெருஞ்செலவு.

காற்றைச் சோதித்தல்

ஏர் ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அடைந்திருந்தால் மாற்ற வேண்டும். ரப்பர் குழாய்கள் நம் வெயிலில் வெடிப்பது சகஜம். இஞ்சின் ஓடும்போது, ஒரு நீண்ட ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைச் சுழலும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் எட்டாமல் நகர்த்தினால், கசியும் இடத்தில் 'ஸ்ஸ்' என்ற ஓசை கேட்கும். கழன்ற குழாயை மாட்டுவதும், வெடித்ததை மாற்றுவதும் சிறு வேலையே.

எங்கே நிறுத்துவது?

பிளக், காயில், காற்று மூன்றும் சரியாயிருந்தும் அதே சிலிண்டர் எரியவில்லையானால், மிஞ்சுபவை பெட்ரோல் இன்ஜெக்டரும் சிலிண்டர் இறுக்கமும். அவை பட்டறைக்குரியவை. அப்போதும் நம் உழைப்பு வீணன்று. "முதல் சிலிண்டர்; காயிலும் பிளக்கும் மாற்றிப் பார்த்தாயிற்று" என்று சொல்லும் வாடிக்கையாளருக்குத் தேவையற்ற சாமான் விற்பது எளிதல்ல. மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி, தேதியையும் கிலோமீட்டரையும் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைப்போம்.

ஒன்று மட்டும் நினைவிலிருக்கட்டும். வண்டியை ஓட்டுபவர் பெரும்பாலும் நம் கடை ஊழியர். "முதலாளி, வண்டி குலுங்குது" என்று அவர் சொன்னால், "இந்த நடை போய் வா, பிறகு பார்க்கலாம்" என்று நாம் சொல்லிவிடலாகாது. லாரிகள் விரையும் நெடுஞ்சாலையில் இழுவை இழந்த வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். சரக்கு ஒரு வேளை தாமதிக்கலாம். அவர் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.