கோழித் தீனியில் குறைவது எது?



கோழி வளர்ப்பில் நூறு ரூபாய் செலவு என்றால், அதில் 65 முதல் 75 ரூபாய் வரை தீனிக்கே போய்விடுகிறது. ஐம்பதாயிரம் கோழி வைத்திருப்பவருக்கும் இதே கதைதான். கொட்டகையில் அடைத்து ஐம்பது கோழி வளர்ப்பவருக்கும் இதே கதைதான். லாபமா நட்டமா என்பது தீனித் தொட்டியிலேயே முடிவாகிவிடுகிறது.

நான் இருப்பது நாமக்கல் மாவட்டம். சுற்றிலும் முட்டைக்கோழிப் பண்ணைகள். அங்கே ஒரு கோழிக்கு இரண்டு கிராம் தீனி கூடினாலும் ஏன் என்று கேட்பார்கள். நம் இயற்கைவழிப் பண்ணைகளில் அந்தக் கேள்வி குறைவு. "நாட்டுக்கோழி தானாத் தின்னு வளரும்" என்று தொடங்குகிறோம். பிறகு எடை வரவில்லை, முட்டை வரவில்லை என்று மூட்டைத் தீவனத்துக்குப் போகிறோம். அந்த மூட்டையில் இருக்கும் சோயாப் புண்ணாக்கு எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. 2021 ஆகஸ்டில் சோயா விலை எகிறியபோது, மரபணு மாற்றுச் சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய ஒன்றிய அரசே அனுமதித்தது. நஞ்சில்லா முட்டை என்று சொல்லி விற்கும் நமக்கு இது சின்ன விசயம் இல்லை. அதனால் தீனியைப் பற்றிய அறிவு நம் கையில் இருக்க வேண்டும்.

பெரிய பண்ணையின் கணக்கு

ஒரு கிலோ உயிர் எடை கூட எத்தனை கிலோ தீனி தேவை என்பதே தீவன மாற்று விகிதம். பண்ணைக்காரர்கள் எஃப்.சி.ஆர். என்பார்கள். பிராய்லர் கோழி 3.2 கிலோ தின்று 2 கிலோ ஆனால் விகிதம் 1.6. சுமார் 40 நாளில் அது முடிந்துவிடும். நம் சிறுவிடை நான்கைந்து மாதத்தில் 5 கிலோ தின்று 1.25 கிலோ வரும். விகிதம் 4. மறைக்க வேண்டியதில்லை, தராசில் அவர்கள் கோழிதான் முன்னே நிற்கும்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்த 3.2 கிலோவில் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாவும். நிலத்தில் விளைவித்து, காசு கொடுத்து வாங்க வேண்டியவை. நம் கோழி தின்பதில் ஒரு பகுதி களத்தில் சிந்தியது, எருக்குழிப் புழு, கரையான், கீரைத் தண்டு. அதனால் நாம் பார்க்க வேண்டியது, ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீனியை விலை கொடுத்து வாங்கினோம் என்பது. 5 கிலோவில் 1.5 கிலோ மேய்ச்சலில் கிடைத்தால், தீனி கிலோ 35 ரூபாய் என்று வைத்தாலும் கோழிக்கு 52 ரூபாய் மிச்சம். ஐம்பது கோழிக்கு 2,600 ரூபாய். மேய்ச்சல் இல்லாமல் அடைத்து வளர்த்தால் இந்தச் சாதகம் நமக்குக் கிடையாது.

ஓட்டைப் பீப்பாய்

எங்கள் ஊர் அக்கா ஒருவர் கேட்டார்: "தம்பி, இருபது கோழிக்குத் தினமும் ரெண்டு கிலோ கம்பு போடறேன். வயிறு முட்டத் திங்குது. முட்டை மட்டும் வரமாட்டேங்குது. ஏன்?"

கணக்குப் போட்டுப் பார்த்தோம். கோழி ஒன்றுக்கு 100 கிராம் கம்பு. அதில் புரதம் சுமார் 11 கிராம். முட்டையிடும் கோழிக்கு நாளுக்கு 15 கிராம் அளவுக்கு வேண்டும். முட்டை ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது; நூறு கிராம் கம்பில் 50 மில்லிகிராம்கூடக் கிடையாது. மாவுச்சத்து மட்டும் தாராளம். அது முட்டையாக முடியாமல் வயிற்றுக் கொழுப்பாகத் தங்குகிறது.

மண்ணில் நாம் அறிந்த விதிதான் இது. பல பலகைகளால் ஆன பீப்பாயில், எந்தப் பலகை குட்டையோ அந்த உயரம் வரைதான் தண்ணீர் நிற்கும். மற்ற பலகைகளை எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை. கோழித் தீனியில் குறைவது எது என்று பார்த்து அதை நிரப்பினால், மற்றதெல்லாம் வேலை செய்யும். நிரப்பாமல் தீனியைக் கூட்டினால் செலவுதான் கூடும்.

புரதத்துக்குள்ளேயும் இதே பீப்பாய் உண்டு. புரதம் என்பது பல அமினோ அமிலங்கள் சேர்ந்தது. தானியமும் புண்ணாக்கும் தின்னும் கோழிக்கு முதலில் பற்றாக்குறையாவது பெரும்பாலும் மெத்தியோனின்; அடுத்தது லைசின். மெத்தியோனின் கந்தகம் கொண்டது. இறகு முளைக்க நிறைய வேண்டும். அது குறைந்தால் இறகு சரியாக மூடாது; ஒன்றையொன்று கொத்திப் பிடுங்குவதற்கும் அது ஒரு காரணம். பெரிய பண்ணையில் செயற்கை மெத்தியோனினைச் சேர்த்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகளே, வேறு வழி தெரியாமல், கோழிக்கு மட்டும் அதை அளவோடு அனுமதித்திருக்கின்றன. நமக்கு வழி இருக்கிறது: எள்ளுப் புண்ணாக்கு. அதில் மெத்தியோனின் அதிகம், லைசின் குறைவு. கருவாட்டுத் தூளில் இரண்டும் உண்டு. நிலக்கடலைப் புண்ணாக்கில் புரதம் அதிகம் என்றாலும் இரண்டுமே குறைவு. அதனால் கடலைப் புண்ணாக்கை மட்டும் நம்பினால் கணக்குத் தாளில் புரதம் சரியாக இருக்கும், கோழியில் தெரியாது.

சதுரக் கணக்கு

எத்தனை பங்கு தானியம், எத்தனை பங்கு புண்ணாக்கு? இதற்குக் கணினி வேண்டாம். ஒரு சதுரம் வரையுங்கள். நடுவில் நமக்கு வேண்டிய புரத அளவு: 16. இடப்பக்கம் மேலே தானியத்தின் புரதம்: 10. இடப்பக்கம் கீழே புண்ணாக்கு, கருவாட்டின் புரதம்: சராசரியாக 40. இப்போது மூலைவிட்டமாகக் கழியுங்கள். 40-லிருந்து 16 போனால் 24. இது தானியத்தின் பங்கு. 16-லிருந்து 10 போனால் 6. இது புண்ணாக்கின் பங்கு. 24-க்கு 6, அதாவது நாலு பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு புண்ணாக்கு.

குஞ்சுகளுக்கு 8 வாரம் வரை 20 விழுக்காடு புரதம் வேண்டும். அதே சதுரத்தில் நடுவில் 20 போட்டால் 20-க்கு 10, அதாவது இரண்டுக்கு ஒன்று. அதற்குப் பிறகு வளரும் பருவத்தில் 16 போதும். முட்டையிடும்போது 16 முதல் 17.

கூடுதலாகப் போட்டால் நல்லதுதானே என்று கேட்கலாம். மிஞ்சிய புரதத்தைக் கோழி சேர்த்து வைக்காது. உடைத்து, தழைச்சத்தை எச்சத்தில் தள்ளிவிடும். கொட்டகையில் கண் எரியும் அளவுக்கு அம்மோனியா நெடி வந்தால், ஈரப்படுக்கை ஒரு காரணம்; தேவைக்கு மேல் போட்ட புண்ணாக்கு இன்னொரு காரணம்.

நான் கலக்கும் அளவு

முட்டையிடும் சிறுவிடைகளுக்கு நூறு கிலோவுக்கு நான் கலப்பது இது:

கம்பு, சோளம், மக்காச்சோளம் – 62 கிலோ
அரிசித் தவிடு – 17 கிலோ
எள்ளுப் புண்ணாக்கு – 7 கிலோ
நிலக்கடலைப் புண்ணாக்கு – 7 கிலோ
உப்பில்லாக் கருவாட்டுத் தூள் – 6 கிலோ
தாது உப்புக் கலவை – 1 கிலோ

புரதம் 16.5 விழுக்காடு அளவில் வரும். தானியத்தில் எது விலை குறைவோ அதைக் கூட்டிக்கொள்ளலாம். மாவாக அரைக்காதீர்கள், ரவைக்கும் பெரிதாக உடைத்தால் போதும். மேயும் கோழிக்குச் சிறுகல் கிடைப்பதால் அதன் தசைப்பையே அரைத்துக்கொள்ளும்.

மூன்று எச்சரிக்கைகள். கருவாட்டில் உப்பும் மணலும் பாருங்கள். வாயில் வைத்தால் கரித்தால் வேண்டாம். உப்பு அதிகமானால் கோழி தண்ணீராகக் கழியும், செத்தும் போகும். ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டால் மணல் அடியில் தங்கிவிடும். அடுத்து, தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறிப்போகும். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். மூன்றாவது, சொந்தமாகச் சோயா விளைந்தாலும் பச்சையாகப் போடக்கூடாது. அதில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. நன்றாக வறுத்தால் அது போய்விடும்.

ஓட்டுக்குக் கிளிஞ்சல்

கலவையில் கிளிஞ்சலைச் சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான். முட்டையிடும் கோழிக்குத்தான் அவ்வளவு சுண்ணாம்பு வேண்டும். வளரும் கோழியும் சேவலும் அதையே தின்றால் சிறுநீரகம் கெடும். உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். மாலையில் கிண்ணம் நிரம்பி இருக்கட்டும். ஓடு உருவாக சுமார் 20 மணி நேரம் ஆகிறது, பெரும்பகுதி இரவில். பெரிய துண்டுகள் தசைப்பையில் தங்கி இரவு முழுக்க மெதுவாகக் கரையும். தூள் சீக்கிரம் வெளியேறிவிடும்.

பூஞ்சை என்னும் திருடன்

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்ததில், பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருந்தது. அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உலகம் கண்டுகொண்டது அப்படித்தான். குறைந்த அளவில் அது கோழியைக் கொல்லாது. ஈரலைக் கெடுக்கும், எடை ஏறாது, நோய் எதிர்ப்பு குறையும். தின்கிறது, தேறவில்லை என்றால் இதையும் சந்தேகப்படுங்கள்.

காய்ச்சினாலும் வறுத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. தடுப்பதுதான் வழி. தானியத்தின் ஈரம் 12 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும்; கடித்தால் 'நறுக்' என்று உடைய வேண்டும். மூட்டையைக் கட்டைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். கட்டி கட்டியான, பச்சை படிந்த புண்ணாக்கை "கோழிக்குத்தானே" என்று வாங்காதீர்கள்.

மேய்ச்சல் தருவதும் தராததும்

அசோலா பற்றி அளவுக்கு மீறிச் சொல்லப்படுகிறது. ஒரு கிலோ பச்சை அசோலாவில் 930 கிராமுக்கு மேல் தண்ணீர். புரதம் 15 கிராம் அளவுதான் தேறும். ஒரு கோழியின் ஒருநாள் தேவை. ஆகவே அது புண்ணாக்குக்கு மாற்றாகாது. ஆனால் பச்சைத் தீனியாக நல்லது. மஞ்சள் கருவுக்கு நிறம் தரும். முருங்கைக் கீரையும் அப்படியே.

புரதம் வேண்டுமென்றால் கரையான். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், மக்கிய வைக்கோல் போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் குஞ்சுகளுக்கு விருந்து. முதல் மாதக் குஞ்சுகளுக்கு இதைவிட எளிய புரதம் நான் பார்த்ததில்லை.

கிளறித் தின்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. தானியமும் புண்ணாக்கும் மட்டும் தின்ற குஞ்சுகள் ஏன் வளரவில்லை என்று 1940-களில் அறிவியலாளர்கள் தேடினார்கள். குறைந்தது பி12 உயிர்ச்சத்து. 1948-ல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதற்காக மருந்து ஆலையின் நொதிக் கழிவைக் குஞ்சுகளுக்குப் போட்டபோது எதிர்பாராத அளவுக்கு எடை கூடியது. அதில் ஒட்டியிருந்த நுண்ணுயிர்க்கொல்லிதான் காரணம். அப்படித்தான் அந்த மருந்துகள் தீவனத்துக்குள் நுழைந்தன. மனிதருக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினைக்கூடக் கோழிக்குப் போட்டு, 2019-ல் இந்திய அரசு அதைத் தடை செய்ய வேண்டி வந்தது. நம் கோழி அந்த பி12-ஐப் புழுவிலும், நுண்ணுயிர் வாழும் ஆழ்படுக்கையிலும் கிளறி எடுத்துக்கொள்கிறது.

சிந்துவதும் கணக்குதான்

கோழிக்கு நாளுக்கு 5 கிராம் சிந்தினால் ஐம்பது கோழிக்கு 250 கிராம். வருடத்துக்கு 91 கிலோ. தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். கோழி தின்பதைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், கோடையில் இன்னும் அதிகம். தண்ணீர் சுட்டால் குடிக்காது, குடிக்காவிட்டால் தின்னாது. சித்திரை, வைகாசியில் விடியலிலும் பொழுது சாயும்போதும் தீனி வையுங்கள்.

இந்த மாத வேலை

ஒரு நோட்டு எடுங்கள். வாரம் ஒருமுறை நாலு எண் மட்டும் எழுதுங்கள்: வாங்கிப் போட்ட தீனி எத்தனை கிலோ, முட்டை எத்தனை, அடையாளமிட்ட ஐந்து கோழிகளின் எடை, செத்தது எத்தனை. நாலு வாரம் எழுதியபின் கலவையில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். எள்ளுப் புண்ணாக்கோ கிளிஞ்சலோ, எது குறைகிறது என்று தோன்றுகிறதோ அது. இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மறுபடி நாலு வாரம் எழுதுங்கள்.

வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும் நாட்டுக்கோழியை எந்தத் தீனியும் 300 முட்டை இட வைக்காது. அது இனத்தின் எல்லை. அந்த எல்லை வரைக்கும் கோழி வருவதற்கு எது தடையாக இருக்கிறது என்பதை உங்கள் நோட்டு காட்டிவிடும்.