கணக்கிடும் ஏடு

நுழையும்முன்

செயல்திட்ட அறிக்கை எழுதாத மாணவர் இலர். அட்டவணையில் ஓர் எண், முடிவுரையில் வேறோர் எண் என அறிக்கைகள் முரண்படுவதையும் நாம் கண்டிருக்கிறோம். எண்ணைக் கணக்கிடும் நிரலை அறிக்கைக்குள்ளேயே எழுதி, அதன் விடை உரிய இடத்தில் தானே அச்சேறுமாறு செய்யும் முறை இன்று உலகெங்கும் ஆய்வாளரிடையே வழக்கில் உள்ளது. அம்முறையின் வரலாற்றையும் இயங்கும் விதத்தையும் தேவையையும் இப்பாடம் விளக்குகிறது.

மலைமழையும் ஓர் அறிக்கையும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன் மலை. அங்குப் பெய்யும் மழை கோமுகி ஆறாகப் பெருகி, கச்சிராயபாளையத்தை அடுத்துள்ள கோமுகி அணையில் தேங்குகிறது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் உழவர்கள் இம்மழையின் அளவை ஆவலுடன் கேட்டறிவர். மழைமானியில் சேர்ந்த நீரை நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மில்லிமீட்டரில் அளந்து குறிப்பது நம் நாட்டு வழக்கம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், அது ஒரு லிட்டர் நீராகும்.

மலையடிவாரப் பள்ளி ஒன்றில் பயிலும் மாணவி ஒருவர் மழைநீர் சேகரிப்புப் பற்றி அறிக்கை எழுதுவதாகக் கற்பனை செய்துகொள்வோம். பள்ளிக் கூரையின் பரப்பு 100 சதுர மீட்டர். தொட்டியின் கொள்ளளவு 10,000 லிட்டர். ஐந்து நாள்களில் அவர் குறித்த மழையளவுகள் 12, 0, 45, 8, 30 மில்லிமீட்டர். கூட்டுத்தொகை 95. கூரையில் விழுந்த நீர் முழுவதையும் சேர்த்தால் 9,500 லிட்டர் கிடைக்கும். எனவே, "இத்தொட்டி போதும்" என்று முடிவுரை எழுதினார்.

பின்னர்த் தம் குறிப்பேட்டை மீண்டும் நோக்கியபோது, மூன்றாம் நாள் அளவு 45 அன்று, 54 என்பது தெரிந்தது. அட்டவணையைத் திருத்தினார். கூட்டுத்தொகையையும் 104 எனத் திருத்தினார். முடிவுரையைத் திருத்த மறந்துவிட்டார். 10,400 லிட்டர் நீர் அத்தொட்டியில் அடங்காது. ஆயினும், அறிக்கை "போதும்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதனை நம்பித் தொட்டி கட்டுவோர் நீரை இழப்பர்.

மாணவியின் கணக்கறிவில் குறையில்லை. ஓரிடத்தில் கணக்கிட்ட எண்ணை வேறோர் இடத்தில் கையால் பெயர்த்து எழுதியதே பிழைக்குக் காரணம்.

படியெடுப்போர் பிழை

பெயர்த்தெழுதுதலின் இடரைத் தமிழர் நன்கறிவர். நம் இலக்கியங்கள் பல நூற்றாண்டுகள் ஓலைச்சுவடிகளில் படியெடுக்கப்பட்டே வாழ்ந்தன. சுவடிகளில் புள்ளியிடும் வழக்கமில்லை. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் வேறுபடுத்தி எழுதப்படவில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றின. ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் பிழை நுழைய வாய்ப்பிருந்தது. அதனால் பாடவேறுபாடுகள் பெருகின. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பல ஊர்களில் தேடித் திரட்டிய சுவடிகளை ஒப்பிட்டே உண்மைப் பாடத்தை நாடினார்.

ஒரு நூலின் பல படிகளை ஒப்பிடலாம். ஆனால், ஓர் அறிக்கையில் தனித்து நிற்கும் எண்ணை எதனோடு ஒப்பிடுவது? அவ்வெண் பிறந்த கணக்கும் உடனிருந்தால்தான் அதனைச் சரிபார்க்க இயலும்.

அச்சுக்கோக்கும் மென்பொருள்

அமெரிக்கக் கணினி அறிவியலாளர் டொனால்டு கனூத், 1977ஆம் ஆண்டில் தம் நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்காக வந்த அச்சுப்படிகளைக் கண்டு மனம் வருந்தினார். கணிதக் குறியீடுகள் அழகிழந்து காணப்பட்டன. தாமே ஒரு மென்பொருளை உருவாக்க முனைந்தார். 1978இல் வெளிவந்த அம்மென்பொருளே 'டெக்' ஆகும். அதன்மேல் எளிய கட்டளைகளை அமைத்து லெஸ்லி லாம்போர்ட் 1980களில் 'லேடெக்' என்னும் அமைப்பை ஆக்கினார். இன்று கணிதம், இயற்பியல் ஆகிய துறைகளின் ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் இதிலேயே அச்சுக்கோக்கப்படுகின்றன.

இம்முறையில் எழுதுபவர் உரையையும் கட்டளைகளையும் ஒரே கோப்பில் எளிய எழுத்துகளாகத் தட்டச்சு செய்கிறார். 'இது தலைப்பு', 'இது அட்டவணை' என்பன போன்ற கட்டளைகளைக் கணினி படித்துப் பக்கத்தை அமைக்கிறது. கணினி படிக்கத்தக்க கோப்பில் தலைப்புக்குக் கட்டளை எழுதலாமெனில், கணக்குக்கும் நிரல் எழுதலாம் அன்றோ? அடுத்த வளர்ச்சி இவ்வினாவிலிருந்து எழுந்தது.

நெய்தலும் பின்னலும்

1984ஆம் ஆண்டில் கனூத் புதிய நிரலாக்க முறை ஒன்றை விளக்கினார். நிரலை எந்திரத்துக்கு இடும் ஆணையாக மட்டும் எழுதாமல், மனிதர் படித்துணரும் கட்டுரையாகவும் எழுத வேண்டும் என்பது அதன் கருத்து. விளக்க உரையும் நிரலும் ஒரே ஏட்டில் கலந்திருக்கும். அவ்வேட்டிலிருந்து மனிதர்க்குரிய அச்சுப்படியை எடுக்கும் கருவிக்கு 'நெய்தல்' என்றும், எந்திரத்துக்குரிய நிரலைப் பிரித்தெடுக்கும் கருவிக்குச் 'சிக்கல்' என்றும் பொருள்படும் ஆங்கிலப் பெயர்களைச் சூட்டினார்.

இவ்வுவமை நமக்குப் புதிதன்று. 'நூல்' என்னும் சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிக்கும். சொல்லைப் பஞ்சாகவும் புலவரை நூற்கும் பெண்ணாகவும் கொண்டு நூல் உருவாகும் விதத்தை நன்னூற் பாயிரத்தில் பவணந்தியார் உவமித்துள்ளார்.

புள்ளியியல் கணக்குகளுக்காக நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவர் 'ஆர்' என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். அம்மொழி நிரலை லேடெக் ஏட்டுக்குள் இயக்கி விடையைச் சேர்க்கும் 'எஸ்வீவ்' என்னும் கருவியை ஃபிரீட்ரிக் லெய்ஷ் 2002இல் அறிமுகம் செய்தார். அதன் பெயரிலும் நெய்தல் உண்டு. 2012இல் யிஹுய் ஷி அதனினும் எளிய 'நிட்டர்' என்னும் கருவியை வெளியிட்டார். அப்பெயர் பின்னுதலைக் குறிப்பது. பைத்தான் மொழிக்கு ஜெஃப்ரி பூர் உருவாக்கிய 'பைத்தான்டெக்' இதே பணியைச் செய்கிறது. லூவா என்னும் மொழியை அச்சுக்கோக்கும் மென்பொருளுக்குள்ளேயே பொதிந்து வைத்த 'லூவாடெக்' என்பதும் உண்டு.

ஏட்டுக்குள் நிரல் இயங்கும் முறை

நம் மாணவியின் அறிக்கைக்கே திரும்புவோம். அவர் எண்களைக் கையால் பெயர்த்து எழுதாமல், பைத்தான் நிரலை அறிக்கையின் கோப்பிலேயே பின்வருமாறு எழுதலாம்:

மழை = [12, 0, 45, 8, 30]
மொத்தம் = மழை[0] + மழை[1] + மழை[2] + மழை[3] + மழை[4]
நீர் = மொத்தம் * 100

அதனையடுத்து, அறிக்கையின் உரைப்பகுதியில் எண்ணுக்கு மாற்றாக மாறியின் பெயரை எழுதுவார்:

"ஐந்து நாளில் பெய்த மழை «மொத்தம்» மில்லிமீட்டர். கூரையிலிருந்து கிடைக்கும் நீர் «நீர்» லிட்டர்."

கோணக்குறிகள் இங்கு விளக்கத்துக்காக இடப்பட்டவை. கருவிக்குக் கருவி குறிகள் மாறும். அறிக்கையை அச்சுக்கோக்கும்போது நான்கு செயல்கள் நிகழ்கின்றன. முதலில், கருவி ஏட்டைப் படித்து நிரற்பகுதிகளைப் பிரித்தறிகிறது. இரண்டாவதாக, அவற்றை நிரல்மொழியிடம் ஒப்படைத்து இயக்குகிறது. மூன்றாவதாக, விடைகளைப் பெற்று உரிய இடங்களில் பதிக்கிறது. இறுதியில், அச்சுக்கோக்கும் மென்பொருள் பக்கங்களை அமைக்கிறது.

அச்சுப்படியில் 95, 9500 என்னும் எண்கள் தோன்றும். 45 என்பதை 54 எனத் திருத்தி மீண்டும் அச்சுக்கோத்தால், அவை 104, 10400 என மாறிவிடும். அட்டவணையையும் வரைபடத்தையும் இவ்வாறே நிரலால் ஆக்கலாம். நீரின் அளவு 10,000க்கு மேற்பட்டால் "தொட்டி போதாது" என்றும், அன்றெனில் "தொட்டி போதும்" என்றும் முடிவுரை அமையுமாறு நிரலில் நிபந்தனை இடவும் இயலும். ஓரிடத்தில் செய்த திருத்தம் எல்லா இடங்களையும் சென்றடைகிறது. மறதிக்கு இடமில்லாது போகிறது.

மருத்துவ ஆய்வில் மறுகணக்கு

இம்முறை உழைப்பை மிச்சப்படுத்துவதோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புற்றுநோயாளி ஒருவருக்கு எம்மருந்து பயனளிக்கும் என்பதை மரபணுத் தரவுகளைக் கொண்டு முன்னறியலாம் என 2006இல் அறிவித்தனர். அதன் அடிப்படையில் நோயாளிகளிடம் மருத்துவச் சோதனைகளும் தொடங்கின. டெக்சாசிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்களான கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் ஆகியோர் அக்கணக்கை மீண்டும் செய்து பார்த்தனர். விடை பொருந்தவில்லை.

நுணுகி ஆராய்ந்ததில், மரபணுப் பெயர்களின் பட்டியல் ஒரு வரிசை தள்ளி அமைந்திருந்தது தெரிந்தது. மருந்துக்குக் கட்டுப்படுவன, கட்டுப்படாதன என்னும் குறிப்புகளும் இடம் மாறியிருந்தன. இப்பிழையால், பயனளிக்காத மருந்தையே ஒரு நோயாளிக்குப் பரிந்துரைக்க நேரிடலாம். அவர்கள் தம் மறுகணக்கை எஸ்வீவ் ஏடுகளாகவே எழுதி, தரவும் நிரலும் விளக்கமும் ஒருங்கிருக்குமாறு 2009இல் வெளியிட்டனர். எவரும் அவற்றை இயக்கிச் சரிபார்க்க முடிந்தது. 2010இல் அச்சோதனைகள் நிறுத்தப்பட்டன. ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

கணக்கிடும் ஏட்டுக்கும் எல்லைகள் உண்டு. மழைமானியைத் தவறாகப் படித்திருந்தால், நிரல் அத்தவற்றையே பிழையின்றிக் கணக்கிட்டுத் தரும். தரவின் உண்மைக்கு அளப்பவரே பொறுப்பு. நிரல்மொழியின் பதிப்பு மாறினால் பழைய ஏடு இயங்காமல் போகலாம். ஆதலால், பயன்படுத்திய பதிப்பைக் குறித்து வைக்க வேண்டும்.

பாதுகாப்பும் இன்றியமையாதது. நிரல் பொதிந்த ஏட்டை அச்சுக்கோப்பது அந்நிரலை நம் கணினியில் இயக்குவதாகும். அது கோப்புகளை அழிக்கவும் கூடும். இதனாலேயே, வெளிநிரல்களைத் தடையின்றி இயக்கும் வசதியை லேடெக் இயல்பாகவே அடைத்து வைத்துள்ளது. அறியாதவரிடமிருந்து வந்த ஏட்டின் நிரலைப் படித்துப் பார்க்காமல் அவ்வசதியைத் திறத்தல் கூடாது.

நிறைவாக

விடையை மட்டும் எழுதாமல் வழிமுறையையும் எழுதுமாறு கணித ஆசிரியர் கேட்கிறார். வழிமுறை இருந்தால்தான் விடை சரியா என்பதையும், தவறெனில் எங்கே தவறியது என்பதையும் பிறர் காண முடியும். கணக்கிடும் ஏடு அவ்வழிமுறையை அறிக்கைக்குள் வைக்கிறது. டெக், லேடெக், ஆர், பைத்தான் ஆகிய அனைத்தும் கட்டணமின்றிக் கிடைப்பவை. வெள்ளிமலையில் பயிலும் மாணவரும் சென்னையில் பயிலும் மாணவரும் ஒரே கருவியால் தம் ஊரின் மழையைக் கணக்கிட்டு, பிறர் சரிபார்க்கத்தக்க அறிக்கையாக எழுதலாம்.

தெரிந்து தெளிவோம்

பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழ் எழுத்துகளாலும் பெயரிடலாம். இப்பாடத்திலுள்ள நிரல் அவ்வாறு எழுதப்பட்டதே. கட்டளைச் சொற்களும் தமிழிலேயே அமைந்த 'எழில்' என்னும் நிரல்மொழியை முத்தையா அண்ணாமலை உருவாக்கியுள்ளார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஐந்து நாள்கள் பெய்த மழையளவைத் திரட்டி, பள்ளிக் கூரையிலிருந்து கிடைக்கத்தக்க நீரின் அளவைக் கணக்கிடுக.
2. நீங்கள் முன்னர் எழுதிய செயல்திட்ட அறிக்கை ஒன்றை எடுத்து, அதிலுள்ள ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது எனக் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. எஸ்வீவ் கருவியை அறிமுகம் செய்தவர்
அ) டொனால்டு கனூத் ஆ) லெஸ்லி லாம்போர்ட் இ) ஃபிரீட்ரிக் லெய்ஷ் ஈ) யிஹுய் ஷி

குறுவினா
2. ஓலைச்சுவடிகளில் பாடவேறுபாடுகள் தோன்றியதற்கான காரணங்கள் இரண்டு கூறுக.
3. அறியாதவர் அனுப்பிய ஏட்டை அச்சுக்கோக்கும்போது எச்சரிக்கை தேவைப்படுவது ஏன்?

சிறுவினா
4. ஏட்டுக்குள் நிரல் இயங்கி விடை அச்சேறும் நான்கு நிலைகளை எழுதுக.

நெடுவினா
5. 'எண்ணோடு அது பிறந்த கணக்கும் உடனிருத்தல் வேண்டும்' என்னும் கருத்தை, மழைநீர் அறிக்கையையும் மருத்துவ ஆய்வையும் சான்றாகக் கொண்டு நிறுவுக.