சரீர முயற்சி: மனசு வரட்டும் என்று காத்திருக்கலாமா?



உடற்பயிற்சி என்று பேச்சை எடுத்தாலே நம்முடைய ஜனங்கள் சட்டென்று ஒரு வசனத்தைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். வேறு வசனம் மறந்துபோனாலும் 1 தீமோத்தேயு 4:8 மாத்திரம் மறக்காது. "பாஸ்டர், அது அற்பம்னு பவுலே சொல்லிட்டாரே!" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, தெருமுனைக் கடையில் பால் வாங்க பைக்கை ஸ்டார்ட் பண்ணுவார்கள்.

அந்த வசனத்தை நிதானமாய் வாசித்துப் பாருங்கள். சரீர முயற்சியினால் பிரயோஜனமே இல்லை என்று பவுல் சொல்லவில்லை. கொஞ்சம் பிரயோஜனம் உண்டு, தேவபக்தியின் பிரயோஜனமோ இம்மைக்கும் மறுமைக்கும் எட்டுகிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார். மூல பாஷையாகிய கிரேக்கில் அங்கே வருகிற வார்த்தை 'கும்னாசியா'. இன்றைக்கு நம்ம வாலிபர்கள் போகிற 'ஜிம்' அந்த வார்த்தையின் பேரப்பிள்ளைதான். அதற்கு முந்தின வசனத்தில் தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு என்கிற இடத்திலும் அதே வேர்ச்சொல்தான் இருக்கிறது. பயிற்சிக்கூடத்தில் தினந்தினம் பழகுகிறவனைப் போல தேவபக்தியிலே பழகு என்று தீமோத்தேயுவுக்குச் சொல்லுகிறார். பயிற்சியைக் கேவலமாய் நினைக்கிறவர் அதை உதாரணமாக எடுப்பாரா? கொரிந்து பட்டணத்துக்குப் பக்கத்திலே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. அந்த ஊர் சபைக்கு எழுதும்போது ஓட்டக்காரனையும் குத்துச்சண்டைக்காரனையும் எடுத்துப் பேசுகிறவரும் இவர்தான் (1 கொரிந்தியர் 9).

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தக் காலத்து ஜனங்களுக்கு நடை என்பது தனியாகச் செய்கிற பயிற்சி அல்ல, அன்றாட ஜீவியம். எருசலேமிலிருந்து எம்மாவுக்குச் சுமார் 11 கிலோமீட்டர். சீஷர்கள் இரண்டுபேர் அதை நடந்து போய், ஆண்டவரைக் கண்ட சந்தோஷத்தில் அன்று இரவே எழுந்து திரும்பி நடந்தார்கள் (லூக்கா 24). அப்போஸ்தலர் 20:13ஐப் பாருங்கள். துரோவாவிலிருந்து ஆசோவுக்குக் கூட இருந்தவர்கள் எல்லாரும் கப்பலில் போகிறார்கள், பவுல் மாத்திரம் தரைவழியாய்ப் போகிறார். சுமார் 30 கிலோமீட்டர் இருக்கும். ஏன் என்று லூக்கா எழுதவில்லை, நாமும் கற்பனை பண்ண வேண்டாம். இப்படி நடந்து நடந்தே ஊழியம் செய்தவர் "அது கொஞ்சம்தான்" என்றால் அதற்கு அர்த்தம் உண்டு. ஆபீசில் நாற்காலி, வீட்டில் சோபா, சபையில் பிளாஸ்டிக் சேர் என்று மாறி மாறி உட்காருகிற நாம் அதே வார்த்தையைச் சொன்னால் அது வேறே காரியம்.

தெரியாமல் இல்லை, மனசு வரவில்லை

நம்முடைய தேசத்தில் சர்க்கரை வியாதியுள்ளவர்கள் 10 கோடிப்பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ல் சொன்னது. ஜெப விண்ணப்பச் சீட்டுகளை வாசிக்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாய் இராது. ஐந்து சீட்டு எடுத்தால் இரண்டில் சுகர், பிரஷர், முழங்கால் வலி.

நம்பிக்கையான செய்தியும் நம்ம சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. சர்க்கரை வியாதி இன்னும் வராமல், வாசற்படியில் நிற்கிற நிலையிலே இருந்த 531 பேரை மூன்று வருஷம் கவனித்து, 2006ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல இருந்தவர்களில் 100க்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. தினமும் அரைமணி நேரம் வேகமாய் நடக்கவும், சாப்பாட்டைத் திருத்தவும் சொல்லப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை மாத்திரம் கொடுக்கப்பட்டவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். நடையும் சாப்பாட்டு ஒழுங்கும் ஒரு மாத்திரை செய்கிற வேலையைச் செய்திருக்கிறது.

ஆனால் பிரியமானவர்களே, இதையெல்லாம் கேட்டுவிட்டு நாளைக்குக் காலையில் எத்தனைபேர் எழுந்து நடப்பீர்கள்? டாக்டர் சொல்லாமலா விட்டார்? "தெரியுதுங்க, மனசுதான் வரமாட்டேங்குது" என்பதுதான் எல்லாருடைய பதிலும். மனசு வந்தால் செய்யலாம், உற்சாகம் வந்தால் ஆரம்பிக்கலாம் என்று வருஷக்கணக்காய் உட்கார்ந்திருக்கிறோம்.

இங்கிலாந்தில் 2002ல் வெளியான ஒரு ஆய்வு இந்த இடத்திலே நமக்கு மிகவும் உதவும். 248 கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு உடற்பயிற்சியைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது குழுவுக்கு இருதய நோயைப்பற்றியும் பயிற்சியின் நன்மையைப்பற்றியும் வாசிக்கக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கும் அதையே கொடுத்து, கூடவே ஒரு வாக்கியத்தை எழுதச் சொன்னார்கள்: அடுத்த வாரம் இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் நான் 20 நிமிஷம் பயிற்சி செய்வேன் என்று. முடிவு என்ன? ஒன்றும் கேளாதவர்களில் 100க்கு 38 பேர் பயிற்சி செய்தார்கள். புத்திமதி கேட்டவர்களில் 35 பேர். நாளும் நேரமும் இடமும் எழுதினவர்களிலோ 91 பேர்!

பிரசங்கம் பண்ணுகிறவர்கள் இந்த 35 என்கிற எண்ணைக் கொஞ்சம் தியானிக்க வேண்டும். கேட்கும்போது தலை அசைகிறது, ஆமென் வருகிறது, கால் மாத்திரம் அசைகிறதில்லை. ஆசை இல்லாமல் அல்ல, ஆசைக்கு ஒரு நேரமும் ஒரு இடமும் குறிக்கப்படாததினால்தான்.

இது நமக்குப் புதிய பாடமே அல்ல. அதிகாலை ஜெபத்துக்கு எழுந்திருக்கிற தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். தினமும் உற்சாகம் பொங்கியா எழுந்திருக்கிறார்கள்? நாலரைக்கு அலாரம், அதே மூலை, அதே பாய். முழங்கால் போட்ட பிறகுதான் ஜெப ஆவி வருகிறது என்பார்கள். நடையும் அப்படித்தான். முதல் ஐந்து நிமிஷம் சரீரம் முறுமுறுக்கும், இஸ்ரவேல் ஜனங்கள் மாதிரி! பத்தாவது நிமிஷத்தில் அதுவே இலகுவாகிவிடும்.

ஆகவே ஒரு துண்டுச் சீட்டை எடுங்கள். "நான் நடப்பேன்" என்று எழுதினால் போதாது. "திங்கள், புதன், வெள்ளி, பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டவுடனே, அங்கிருந்தே தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்புவேன்" என்று எழுதுங்கள். தெருநாய்க்குப் பயமா, இருட்டிலே போகக் கூச்சமா, "மொட்டை மாடியில், மாலை ஆறு மணிக்கு, துணி எடுக்கப் போகும்போது" என்று எழுதுங்கள். ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு காரியத்தோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும், அதுதான் இதிலுள்ள சூட்சுமம். பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு ஸ்டாப் முன்னாலே இறங்கலாம். சீட்டைச் சட்டைப் பையில் மறைக்காமல், கண்ணாடியிலே ஒட்டுங்கள்.

லண்டன் கண்டக்டரும் டிரைவரும்

ஜெரி மோரிஸ் என்கிற மருத்துவர் லண்டன் மாநகரத்து இரட்டை மாடி பஸ்களில் வேலை செய்தவர்களைக் கவனித்து 1953ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குகிறார். டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாய் வந்தது, வந்தாலும் பிந்தி வந்தது, கடுமையும் குறைவாயிருந்தது. உடற்பயிற்சியும் இருதயமும் பற்றிய பிற்கால ஆய்வுகளுக்கெல்லாம் இது ஒரு அஸ்திபாரம்.

எனக்கு இதிலே பிடித்தது வேறொன்று. அந்தக் கண்டக்டர்கள் ஒருவரும் "இன்றைக்குப் படியேற மனசு வருகிறதா?" என்று யோசிக்கவில்லை. படி அவர்கள் வேலைக்குள்ளேயே இருந்தது. நம்முடைய நாளுக்குள்ளேயும் ஒரு படியை வைத்துவிட்டால் மனசைக் கெஞ்ச வேண்டியதில்லை.

எவ்வளவு காலத்தில் பழக்கமாகும்? 21 நாள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதை நம்பிவிட்டு, 22ஆம் நாள் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் 96 பேரைப் பார்த்தார்கள், 2009ல் வெளிவந்தது. யோசிக்காமலே செய்கிற நிலைக்கு வர, நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. ஒரு கண்ணாடி தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பழகுகிறது, பயிற்சிக்கு அதிக நாள் பிடிக்கிறது. அதே ஆய்வில் ஒரு ஆறுதலான காரியம்: நடுவிலே ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவது கெட்டுப்போகவில்லை. ஒரு நாள் விட்டதும் "எல்லாம் போச்சு" என்று ஒரேயடியாய் விடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தவறினது பெரிதல்ல, மறுநாள் அதே நேரத்துக்கு வாசலிலே நிற்க வேண்டும்.

கன்வென்ஷன் மூன்று நாள், கிறிஸ்துமஸ் ஒரு வாரம், ஐப்பசி அடைமழை, இவைகள்தான் ஆபத்தான இடங்கள். அமெரிக்காவில் 2014ல் வந்த ஒரு ஆய்வில், சுவாரஸ்யமான கதைகளின் ஒலிப்பதிவை ஜிம்மிலே மாத்திரம் கேட்கலாம் என்று வைத்தார்கள். ஆரம்பத்தில் மற்றவர்களைவிட 100க்கு 51 மடங்கு என்று தவறாய்ச் சொல்லிவிடாதீர்கள், 51 சதவீதம் அதிகமாய் வந்தார்கள். நடுவில் ஒரு பண்டிகை விடுமுறை வந்தது, அத்தோடு அந்த நன்மை கரைந்துபோனது. இதிலே நமக்கு இரண்டு காரியம் உண்டு. பிடித்த பாடலையோ செய்தியையோ நடக்கும்போது மாத்திரம் கேட்பது என்று வைக்கலாம் (ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்க ஒரு காதைத் திறந்து வையுங்கள்). விடுமுறை முடிந்து எந்த நாளில் திரும்ப ஆரம்பிப்பது என்று விடுமுறைக்கு முன்னமே சீட்டில் எழுதிவிட வேண்டும்.

"ஆராதனையே பயிற்சிதானே?"

ஒரு வாலிபன் கேட்டான், "இரண்டு மணி நேரம் கைதட்டி, குதிச்சு ஆராதிக்கிறோமே, அது கணக்கில் வராதா?" நல்ல கேள்வி! வரும். உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150லிருந்து 300 நிமிஷம் மிதமான அசைவு, தசைகளுக்குப் பெலன் தருகிற பயிற்சி வாரத்தில் இரண்டு நாள். ஒரே மூச்சாய்ச் செய்ய வேண்டும் என்றும் இல்லை. மிதமானது எது என்று அறிய எளிதான வழி: பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. ஆகவே மூச்சு வாங்க ஆராதிக்கிறவர்களுக்கு ஞாயிறு கணக்கில் சேரும். மற்ற ஆறு நாளை என்ன செய்வது, அதுதான் கேள்வி. வீட்டு வேலையும் இப்படியே. துவைத்து, குனிந்து பெருக்கி, மூச்சு வாங்கினால் கணக்கில் உண்டு. மிக்ஸி, வாஷிங் மெஷின் பட்டனை அமுக்குவது சேராது, அக்காமாரே.

அரைமணி நேரம் என்றவுடன் மலைக்க வேண்டாம். முதல் வாரம் பத்து நிமிஷம் போதும், சிறிதாயிருந்தாலும் தினமும் நிற்கிறதே பெரிது.

சில எச்சரிப்புகளையும் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் உபவாச நாளில் வெறும் வயிற்றோடு வேகமாய் நடக்க வேண்டாம். சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். மற்ற நாளிலும் பையில் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கட்டும். சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், கை அல்லது தாடைக்குப் பரவுகிற வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நின்று ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஜெபித்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கிற காரியம் அல்ல இது, போகிற வழியிலே ஜெபிக்கலாம். நடக்க ஆரம்பித்துவிட்டோம் என்று மாத்திரையைத் தானாய் நிறுத்துகிறவர்களுக்கும் இதையே சொல்லுகிறேன். டாக்டர் குறைக்கட்டும், நீங்கள் குறைக்காதேயுங்கள்.

தனியாய் நடக்கச் சோர்வாயிருக்கிறவர்கள் பக்கத்துத் தெரு விசுவாசி ஒருவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாசலிலே வந்து நின்று "என்ன பிரதர், கிளம்பலையா?" என்று கூப்பிட்டால், படுக்கையிலே புரண்டுகொண்டிருக்க வெட்கமாயிருக்கும். அடுத்த செல் மீட்டிங்குக்கு வரும்போது சீட்டை எழுதிக் கொண்டுவாருங்கள், ஒரே தெருவும் ஒரே நேரமும் உள்ளவர்களை அங்கேயே ஜோடி சேர்த்துக்கொள்ளலாம். சகோதரிகள் சகோதரிகளோடே சேர்ந்து நடக்கட்டும்.